நின்ற வண்டியை ஓட்டியது யார்? – காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், ஐதராபாத்.

வணக்கம்.

சென்ற ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. தென்சென்னையில் எங்கள் வீட்டு வாசலில், மதிலை ஒட்டி நிறுத்தியிருந்த என் காரின் பின்புறத்தில், விடிகாலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டுப் போனது. வீட்டில் எல்லோரும் தூக்கத்தில் இருந்தோம். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த என் மனைவிதான் முதலில் பார்த்தார். டிக்கிக் கதவு உள்ளே ஒடுங்கியிருந்தது. பம்பர் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. இடது பக்கப் பின்விளக்கு நொறுங்கித் தரையில் சிவப்புச் சில்லுகளாகக் கிடந்தது.

யாருக்கும் அடியில்லை. ஒரு பில்லைக் கட்டினால் தீர்ந்துபோகிற சேதம்தான். பின்னே எதற்கு இவ்வளவு நீளமாக ஒரு மடல் என்று நீங்கள் நினைக்கலாம். அன்று காலையிலிருந்து கிளெய்ம் முடியும் வரை நான் சந்தித்த ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க சார்.” இடித்தவர் சொன்னார், காவல் நிலையத்தில் சொன்னார்கள், சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள், என் கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய பெண்ணும் சொன்னார். அந்த வாக்கியத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதை உங்களிடம் கணக்காகச் சொல்லத்தான் எழுதுகிறேன். விதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு அம்மா தன் வீட்டு சி.சி.டி.வி. பதிவைத் தயங்காமல் காட்டினார். வண்டி பின்னால் வருவது, இடிப்பது, ஓட்டுநர் இறங்கி ஒரு முறை பார்ப்பது, ஏறிப் போவது எல்லாம் அதில் இருந்தன. நம்பர் பிளேட்டும் தெளிவாகவே தெரிந்தது. பல வீடுகளில் இந்தப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அப்போதே என் கைப்பேசியில் வாங்கிக்கொண்டேன். எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டதும், அந்த வண்டிக்கு எந்தக் கம்பெனியில் பாலிசி, எந்தத் தேதி வரை செல்லும் என்று வந்தது. பாலிசி உயிரோடுதான் இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. இடித்தவர் யார் என்று தெரிகிறது, ஆதாரம் இருக்கிறது, அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. இனி என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். “ஆளுக்கு அடி எதுவும் இல்லையே? அப்போ இன்சூரன்ஸ்ல போட்டுக்கோங்க சார், கேஸ் போட்டா உங்களுக்குத்தான் அலைச்சல்” என்றார் அங்கிருந்தவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு, அடுத்தவரின் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநரும் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தகவல் தர வேண்டும் என்கிறது. தவறினால் தண்டனை 187ஆவது பிரிவில் இருக்கிறது. இதை நான் சொன்ன பிறகு புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். வண்டியின் உரிமையாளரைப் போனில் பிடித்தும் கொடுத்தார்கள். அவர் என்னிடம் கோபப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “பையன் புதுசு சார், பயந்துட்டான். உங்களுக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குமே, அதுல போட்டுக்கோங்களேன்” என்றார். “உங்களுக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதே, அது இதற்குத்தானே” என்று கேட்டேன். “அதெல்லாம் கோர்ட்டுக்குப் போகணும் சார்” என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்து சர்வீஸ் சென்டர். அங்கே நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. கிளெய்ம் படிவத்தில் ‘விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் பெயர்’ என்று ஒரு கட்டம். அடுத்து அவருடைய லைசென்ஸ் எண், அப்புறம் விபத்தின்போது வண்டியின் வேகம். எதை எழுதுவது? வண்டி நின்றுகொண்டிருந்தது, ஓட்டியவர் யாரும் இல்லை. அட்வைசர் தம்பி நல்ல பையன். என்னைவிட என் நேரத்தின் மேல் அவருக்கு அக்கறை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சார், பார்க்கிங், வேற வண்டி, போலீஸ்னு எழுதினா கேள்வி மேல கேள்வி வரும். நீங்க ரிவர்ஸ் எடுக்கும்போது சுவத்துல இடிச்சிட்டதா எழுதிடுங்க. உங்க லைசென்ஸ் காப்பி ஒண்ணு கொடுங்க. மூணு நாள்ல அப்ரூவல் வாங்கிடலாம்.”

நான் கொஞ்ச நேரம் அந்தப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வருடங்களாகக் கார் ஓட்டுகிறேன். கடைசி பதினோரு வருடங்களில் ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. யாரோ செய்த தவறை நான் செய்ததாக என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். உண்மையை எழுதினால்தான் சிரமமாம். இது அந்தப் பையனின் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. தினமும் இருபது வண்டி பார்க்கிறவர். எது சீக்கிரம் பாஸாகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், ‘சுவரில் இடித்தேன்’ என்று எழுதச் சொன்ன கதை நிறைய கிடைக்கும். நாளைக்கு இந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு, தவறான தகவல் தந்தீர்கள் என்று கிளெய்மை மறுக்கவும் கம்பெனிக்கு வழியிருக்கிறது. அந்த ஆபத்தும் பாலிசிதாரர் தலையில்தான்.

நான் உண்மையையே எழுதினேன். ‘வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் இல்லை.’ சி.எஸ்.ஆர். ரசீதையும் காணொளியையும் இணைத்தேன். லைசென்ஸ் நகல் இல்லாமல் முடியாது என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். வண்டி நிற்கும்போது யாருடைய லைசென்ஸ் என்று கேட்டு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் உங்களுடைய 2024 ஜூன் மாத முதன்மைச் சுற்றறிக்கையை மேற்கோள் காட்டி எழுதினேன். தேவையான, கிளெய்முக்குத் தொடர்புள்ள ஆவணங்களை மட்டுமே கேட்க வேண்டும், ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருப்பதை எடுத்துப் போட்டேன். மறுநாளே கோப்பு நகர்ந்தது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், மனதாரச் சொல்கிறேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை 24 மணி நேரத்தில் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று நீங்கள் போட்ட கெடுவெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் ஒரு கோல் கிடைத்ததுபோல. சர்வேயரும் பொறுப்பாகப் பார்த்தார். டிக்கிக் கதவில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டைக் காட்டி, “இது சுவர் இல்ல, லோடு வண்டியோட பாடி. உயரமும் அதுக்குச் சரியா இருக்கு” என்று அவராகவே சொன்னார். என் மேல் தவறில்லை என்பது கம்பெனிக்கும் சந்தேகமறத் தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன ஆனது என்பதுதான் அந்தக் கணக்கு.

மொத்த பில் 39,000 ரூபாய். பின் பம்பர் 6,400. விளக்கு 3,600. டிக்கிக் கதவு 14,000. டிங்கரிங்கும் பொருத்துகூலியும் 7,000. பெயிண்டிங் 8,000. என் கார் வாங்கி நான்கு ஆண்டு தாண்டி ஐந்தாவது நடக்கிறது. ஆகவே இரும்புப் பாகங்களுக்கு 35 சதவீதம் தேய்மானம். பிளாஸ்டிக்குக்கு வயது பார்ப்பதில்லை, எப்போதுமே 50 சதவீதம். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். இப்படி பம்பரில் 3,200, விளக்கில் 1,800, கதவில் 4,900, பெயிண்டில் 1,000 போனது. 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக என் கையிலிருந்து 11,900. கம்பெனி கொடுத்தது 27,100. ஜீரோ டெப், அதாவது எல்லோரும் பம்பர் டு பம்பர் என்று சொல்கிற பாலிசி எடுத்திருந்தால் தேய்மானம் போயிருக்காது. மூன்றாம் வருடத்தோடு அதை நான்தான் விட்டேன். அது என் முடிவு, அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

குறை அடுத்ததில்தான். என் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, 50 சதவீதம். பழைய காரிலிருந்து இந்தக் காருக்கு மாற்றிக்கொண்டு வந்தது, பதினோரு வருட நிதானத்தின் பலன். இந்த ஒரு கிளெய்மோடு அது பூஜ்யம். என்னுடைய ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது என் வண்டியின் சேதத்துக்கான பங்கு, போனஸுக்கு முன்னால் சுமார் 10,000 ரூபாய். வரும் ஆண்டில் 5,000 கட்ட வேண்டிய இடத்தில் 10,000 கட்டுவேன். அதற்கடுத்த ஆண்டு 20 சதவீதம்தான் கிடைக்கும், அப்போது 3,000 கூடுதல். பிறகு 25 சதவீதம், 2,500 கூடுதல். பிறகு 35, கூடுதல் 1,500. பிறகு 45, கூடுதல் 500. இடையில் வேறெதுவும் நடக்காமல் இருந்தால் ஆறாவது ஆண்டில் மறுபடி 50ஐத் தொடுவேன். காரின் மதிப்பு ஆண்டுக்காண்டு இறங்குவதால் இந்தத் தொகை கொஞ்சம் குறையலாம். ஆனாலும் கூட்டினால் 12,500 ரூபாயை ஒட்டி வருகிறது.

11,900ஐயும் 12,500ஐயும் கூட்டிப் பாருங்கள். 39,000 ரூபாய் சேதத்தில் 24,400 தூங்கிக்கொண்டிருந்த எனக்கு. கம்பெனி எனக்குக் கொடுத்த 27,100ல் ஏறக்குறையப் பாதியை ஐந்து வருடத்தில் என்னிடமே திரும்ப வாங்கிக்கொள்ளும். இடித்த வண்டிக்காரருக்கு? ஒரு ரூபாய்கூட இல்லை. இங்கே நோ கிளெய்ம் போனஸ் ஓன் டேமேஜ் கிளெய்மை மட்டுமே பார்க்கிறது. அவருடைய கம்பெனி எனக்கு முழுப் பணத்தையும் தர்ட் பார்ட்டியில், அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பங்கில், கொடுத்திருந்தால்கூட அவருடைய போனஸில் ஒரு சதவீதம் குறைந்திருக்காது. இடித்தவரின் போனஸ் முழுதாக இருக்கிறது, இடிபட்டவனின் போனஸ் போய்விட்டது. ‘கிளெய்ம் இல்லை’ என்பதற்குக் கொடுக்கிற போனஸ்தானே, தவறு யாருடையது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனியில் விளக்கினார்கள். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்கும் புரிகிறது. 2002ஆம் ஆண்டின் மோட்டார் டாரிஃபில், அதாவது வண்டிக் காப்பீட்டுக்கான விலை, விதித் தொகுப்பில் எழுதியது அது. 2007 ஜனவரியில் ஓன் டேமேஜுக்கு விலைக் கட்டுப்பாடு போனது. போனஸ் அட்டவணையும் தேய்மான அட்டவணையும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கின்றன. விதி எழுதிய காலத்தில் தெருவுக்குத் தெரு கேமரா இருந்ததா? கைப்பேசியில் வண்டி நம்பரைத் தட்டினால் பாலிசி விவரம் வந்ததா? அன்று யார் இடித்தார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு. இன்று என்னைப் போன்ற சாதாரண ஆள் அரை மணி நேரத்தில் அதைச் செய்துவிட முடிகிறது.

“நோ கிளெய்ம் போனஸைக் காப்பாற்ற என்.சி.பி. புரொடெக்ட் என்று ஆட்-ஆன் இருக்கிறதே, எடுத்திருக்கலாமே” என்று சொல்வார்கள். என் தவறுக்கு நான் எடுக்கலாம். அடுத்தவர் தவறு செய்தால் என் பெயர் கெடாமல் இருக்க நான் ஏன் ஆண்டுதோறும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்?

சரி, தர்ட் பார்ட்டி வழியில் போனால்? அதையும் முயன்றேன். இடித்தவரின் கம்பெனிக்குக் காணொளி, சி.எஸ்.ஆர்., எஸ்டிமேட் எல்லாவற்றையும் வைத்து எழுதினேன். தீர்ப்பாயத்தில் மனு போட்டு உத்தரவு வாங்கி வாருங்கள் என்று ஒரு வரியில் பதில் வந்தது. சென்னையில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்பது உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சிறுவழக்கு நீதிமன்றம். ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது சட்டம். தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டேன். உயிரிழந்தவர்களின் குடும்பங்களும் கால் கை போனவர்களும் வரிசையில் நிற்கிற இடம் அது, உங்கள் பம்பருக்கு அங்கே எப்போது நம்பர் வரும் என்று நினைக்கிறீர்கள் என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த வரிசையில் நிற்க எனக்கே மனம் ஒப்பவில்லை. கணவனை இழந்த ஒரு பெண்ணின் மனுவுக்கு முன்னாலோ பின்னாலோ என் டிக்கிக் கதவுக் கோப்பு இருக்கக் கூடாது.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 149ஆவது பிரிவு, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது, வேறொன்றும் சொல்கிறது. விபத்துத் தகவல் கிடைத்ததும் கம்பெனி அதைத் தீர்த்துவைக்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளில் இழப்பீட்டுத் தொகையை முன்வைக்கலாம். அந்த ஏற்பாடும் தீர்ப்பாயத்தின் முன்னிலையில்தான் என்பது தெரியும். என் கோரிக்கை, சொத்துச் சேதம் மட்டுமே உள்ள சிறு கிளெய்ம்களுக்காவது அந்த அதிகாரியின் மேசையிலேயே விஷயம் முடிய வேண்டும் என்பதுதான். என் கடிதம் போன கம்பெனியில் அப்படி ஓர் அதிகாரி இருக்கிறாரா என்று கேட்டு மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. உங்கள் பீமா பரோசா தளத்தில் புகார் போடலாம் என்றால், அந்தக் கம்பெனிக்கு நான் வாடிக்கையாளன் இல்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் என் பாலிசி இருக்கிற கம்பெனியைப் பற்றித்தான் போய் நிற்க முடியும். இடித்தவரின் கம்பெனி எனக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அதைக் கேட்க நீதிமன்றத்தைத் தவிர எனக்கு ஒரு வாசலும் இல்லை.

தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் விருப்பப்பட்டால் எடுப்பது இல்லை, கட்டாயம். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவால்தான் 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டும் இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மருத்துவர் பார்த்தது சாலையில் நொறுங்கி வருகிற உடம்புகளை. அந்த உத்தரவின் முதல் நோக்கம் உயிர் என்பதில் சந்தேகமில்லை. இருந்தாலும் அந்தப் பாலிசியில் அடுத்தவர் சொத்துக்கான பொறுப்பும் எழுதப்பட்டிருக்கிறது. காருக்கு வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை, இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சம் வரை. என்னுடைய அளவு காருக்கு 2022இல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 3,416 ரூபாய் தர்ட் பார்ட்டி பிரீமியம். நாளை நான் ஒருவரின் நின்ற வண்டியை இடித்தால் அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நம்பித்தானே இதைக் கட்டுகிறேன்? 39,000 ரூபாய்க்கு எந்த மனிதரும் உள்ளே நுழைய முடியாத கதவாக அது இருந்தால், ஏழரை லட்சம் என்று எழுதியிருப்பது காகிதத்தில் மட்டும்தான்.

என்னிடமாவது ஓன் டேமேஜ் பாலிசி இருந்தது. எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்கார அண்ணன் இருக்கிறார். அவருடைய வண்டிக்கு தர்ட் பார்ட்டி மட்டும்தான். நாள் வாடகை, டியூ எல்லாம் போக அதற்கு மேல் கட்ட முடியாது என்பார். போன வருடம் ஸ்டாண்டில் நின்ற அவர் ஆட்டோவை ஒரு பெரிய கார் உரசிவிட்டது. பக்கவாட்டுத் தகடு மடிந்துவிட்டது. அங்கேயே நாலு பேர் கூடிப் பேசி 4,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தார்கள். டிங்கரிங் கடையில் ஆனது 7,500. வண்டி மூன்று நாள் கடையில் நின்றது, மூன்று நாள் ஓட்டமும் இல்லை. “கேஸு கோர்ட்டுனு போனா அந்த நாலாயிரமும் வராது தம்பி” என்றார். இடித்த காருக்கு நிச்சயம் பாலிசி இருந்திருக்கும். அதைத் தொடலாம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நான் என் போனஸைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கு அது மூன்று நாள் அடுப்பு.

இதற்கு வழியே இல்லை என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். என் சித்தி மகள் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறாள். அவளுடைய காரைக் கடை வாசலில் ஒருவர் இடித்துவிட்ட கதையை, என் கதையைக் கேட்டபோது சொன்னாள். அங்கே 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். தவறு எதிராளியுடையது என்றால் தன் கம்பெனியிலேயே கிளெய்ம் போடலாம், போனஸ் குறையாது. அங்கே அந்தத் தள்ளுபடி 55 சதவீதம் வரைக்கும் ஏறும். அந்த வகைக் கிளெய்முக்குப் பெயர் ‘நாக் ஃபார் நாக்’. இந்தப் பெயர் நம் கம்பெனிகளுக்கும் பழக்கம்தான். அவரவர் வாடிக்கையாளரின் சேதத்தை அவரவர் கம்பெனியே பார்த்துக்கொள்வது, எதிர்க் கம்பெனியிடம் வசூலுக்குப் போகாமல் விடுவது என்ற ஏற்பாட்டுக்கு இங்கேயும் அதே பெயர்தான். மலேசியாவில் அது வாடிக்கையாளரின் அலைச்சலைக் குறைக்கிறது. இங்கே கம்பெனிகளின் அலைச்சல் மட்டும் குறைகிறது. கனடாவில் டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்திலோ, எந்த மோதலில் யார் மேல் எவ்வளவு தவறு என்று வகைப்படுத்தி விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். முறையாக நிறுத்தியிருந்த வண்டியை ஒருவர் இடித்தால் நின்றவர் மேல் தவறு பூஜ்யம்.

என் கம்பெனியிடம் கேட்டேன்: எனக்குக் கொடுத்த 27,100ஐ இடித்தவரின் கம்பெனியிடமிருந்து நீங்கள் வசூலிக்கலாமே, என் இடத்தில் நின்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதே, அப்படி வசூலித்தால் என் போனஸைத் திருப்பித் தரலாமே என்று. இவ்வளவு சிறிய தொகைக்கு அப்படிச் செய்வதில்லை என்றார் மேலாளர். அவருக்குச் சிறிய தொகை. அவர் கேட்காமல் விட்ட பணத்தை ஐந்து வருடம் தவணை தவணையாகக் கட்டப் போவது நான்.

எனவே ஆணையத்திடம் நான் கேட்பது இதுதான். கிளெய்ம் படிவத்தில் ‘வாகனம் நிறுத்தப்பட்டிருந்தது’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அதைக் குறித்தவரிடம் ஓட்டுநர் பெயரும் லைசென்ஸும் வேகமும் கேட்கக் கூடாது என்று எழுதுங்கள். செலவில்லாத வேலை இது. ஒரு சுற்றறிக்கை போதும், நாளைக்கே செய்யலாம். இது வந்துவிட்டால் சுவரில் இடித்த கதை பாதி நின்றுவிடும்.

அடுத்தது போனஸ். இடித்த வண்டியின் எண் தெரிந்து, அதற்கு நடப்பில் பாலிசி இருந்து, காணொளியோ போலீஸ் ரசீதோ எதிராளியின் ஒப்புதலோ கையில் இருந்து, சர்வேயரும் சேதம் அதோடு பொருந்துகிறது என்று எழுதினால், அந்தக் கிளெய்ம் போனஸைத் தொடக் கூடாது. கம்பெனி தன் பணத்தை எதிர்க் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளட்டும், வாங்காமலும் விடட்டும். அது அவர்களுக்குள் உள்ள விஷயம். அவர்கள் சோம்பலுக்கு நான் போனஸ் இழக்கக் கூடாது. எல்லோருமே ‘நின்ற வண்டி’ என்று பொய் சொல்ல ஆரம்பிப்பார்கள் என்ற பயம் கம்பெனிகளுக்கு இருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு நிபந்தனையும் சொல்கிறேன். யார் இடித்தது என்றே தெரியாத வழக்குகளை நான் இதில் சேர்க்கவில்லை. அடித்துவிட்டு ஓடிய வண்டிகளுக்கான அரசுத் திட்டம்கூட உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 என்று மனிதருக்கு மட்டும்தான். அது அப்படித்தான் இருக்க வேண்டும். இன்று பொய் எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் யோசியுங்கள். உண்மையில் நின்ற வண்டிக்காரர்களே ஓட்டினோம் என்று எழுதிக்கொடுக்கிறார்கள்.

மூன்றாவது, ஆட்டோக்கார அண்ணனுக்கானது. சொத்துச் சேதம் மட்டும், தொகையும் ஒரு வரம்புக்குள் என்றால், இடித்தவரின் கம்பெனியிடம் நேரடியாக விண்ணப்பித்துப் பணம் பெறும் வழி வேண்டும். சர்வேயர், கெடு, மறுத்தால் எழுத்தில் காரணம் எல்லாம் பாலிசிதாரருக்கு இருப்பதுபோலவே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் பீமா பரோசாவில் அவரும் புகார் போட முடிய வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டால் போக்குவரத்து அமைச்சகத்துக்கு நீங்கள் பரிந்துரை எழுதுங்கள். வரம்பு எவ்வளவு என்பதை உங்கள் நிபுணர்கள் முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால் ஒரு ஆட்டோவின் பக்கவாட்டுத் தகடும் ஒரு காரின் டிக்கிக் கதவும் அதற்குள் அடங்க வேண்டும்.

இதையெல்லாம் கொண்டுவந்தால் தர்ட் பார்ட்டி பிரீமியம் கொஞ்சம் ஏறலாம் என்பது எனக்குத் தெரியும். ஏறட்டும். என் தவறுக்கு நான் கட்டுகிற பணம் என்னால் பாதிக்கப்பட்டவருக்கு நிச்சயம் போகும் என்றால், கூடக் கட்ட எனக்குச் சம்மதம்.

குட்டியானையின் உரிமையாளர் அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். ஓட்டிய பையனும் கூட வந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது, வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. உரிமையாளர் 2,000 ரூபாயை நீட்டி, “மனசு கேக்கல சார்” என்றார். நான் வாங்கவில்லை. அவரும் தன் வண்டிக்கு ஆண்டுதோறும் தர்ட் பார்ட்டி கட்டுகிறவர்தான். அந்தப் பாலிசி வேலை செய்திருந்தால் அவர் என் வாசலில் பணத்தோடு நிற்க வேண்டியதில்லை, அந்தப் பையனும் அப்படித் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

என் பாலிசி வரும் மார்ச் 14ஆம் தேதி முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. நோ கிளெய்ம் போனஸ் என்ற வரிக்கு எதிரே 0 என்று அச்சிட்டிருக்கிறார்கள். கிளெய்ம் படிவத்தின் நகலும் சி.எஸ்.ஆர். ரசீதும் சர்வேயர் அறிக்கையும் என்னிடம் இருக்கின்றன. ஆணையம் கேட்டால் அன்றே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தென்சென்னையிலிருந்து ஒரு பாலிசிதாரர்